பத்துக் காசு வரி

எல்லைகளின் கதை: அத்தியாயம் 14

போன வாரம் யுங்காய் போர்க்களத்தில் நின்றோம். பெருவும் பொலிவியாவும் சேர்ந்து அமைத்திருந்த கூட்டாட்சியை 1839 ஜனவரி 20 அன்று சிலியின் படை அங்கே உடைத்துப் போட்டது. வடக்கே இருக்கும் இரண்டு வீட்டுக்காரர்கள் நடுச்சுவரை இடித்து ஒன்றாகிவிட்டால் தன் வீட்டுக்குக் காற்று வராது என்பது சிலியின் கணக்கு. சண்டையில் ஜெயித்தார்கள். பயம் மட்டும் போகவில்லை. நாற்பது வருஷம் கழித்து அதே மூன்று நாடுகள் மறுபடி மோதிக்கொண்டன. இந்தத் தடவை வெளியே சொல்லப்பட்ட காரணம் பத்துக் காசு.

1879 பிப்ரவரி 14, வெள்ளிக்கிழமை. அட்டகாமா பாலைவனம் பசிபிக் கடலில் வந்து முடிகிற இடத்தில் அன்டோஃபகஸ்டா என்ற துறைமுகம். அன்றைக்கு அங்கே ஓர் ஏலம் நடக்கவேண்டும். ஊர் பொலிவியாவுடையது. ஏலத்துக்கு வந்த சொத்து, நைட்ரேட் உப்பை வெட்டி ஏற்றுமதி செய்துகொண்டிருந்த ஒரு சிலி கம்பெனியுடையது. தொண்ணூறாயிரம் பொலிவியானோவுக்குச் சற்று மேல் வரி பாக்கி. கம்பெனி கட்டவில்லை. ஆகவே ஜப்தி, ஏலம். நம்மூர் தாலுகா ஆபீஸ் வாசலில் நோட்டீஸ் ஒட்டுவார்களே, அதே நடைமுறைதான்.

ஆனால் துறைமுகத்தில் சிலியின் போர்க்கப்பல்கள் வந்து நின்றன. கர்னல் எமிலியோ சோட்டோமேயர் சுமார் 200 வீரர்களோடு கரையிறங்கினார். பொலிவியாவின் காவலர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவு. வீதியில் திரண்ட ஜனங்களில் பெரும்பாலோர் சிலிக்காரர்கள். அவர்கள் வீடுகளில் சிலிக் கொடி ஏற்றிக் கொண்டாடினார்கள். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. ஏலம் நடக்கவில்லை. பொலிவியாவின் கடற்கரை அன்று மதியத்துக்குள் கைமாறத் தொடங்கிவிட்டது. சண்டை முடிந்தபோது அந்த நாடு இழந்திருந்தது ஏறக்குறைய 400 கிலோமீட்டர் கடற்கரையும் 1,20,000 சதுர கிலோமீட்டர் நிலமும்.

இந்த ஒரு பகல் பொழுதைத்தான் இரண்டு நாடுகளும் இன்றுவரை இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

கொஞ்சம் பின்னால் போவோம். ஸ்பானியர்கள் தென் அமெரிக்காவை ஆண்டபோது அட்டகாமாவில் எல்லை எங்கே என்று யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. உலகத்திலேயே மிக வறண்ட பாலைவனங்களில் ஒன்று அது. புல் முளைக்காத இடத்துக்கு எவன் வேலி போடுவான்? 1840-களில் நிலைமை மாறியது. கடலோரப் பாறைகளில் பல நூற்றாண்டுகளாகக் குவிந்து கிடந்த பறவை எச்சம் (குவானோ என்பார்கள்) அருமையான உரம் என்று ஐரோப்பிய விவசாயிகள் கண்டுகொண்டார்கள். பிறகு பாலைவன மண்ணுக்கடியில் நைட்ரேட் உப்பு. உரத்துக்கும் ஆகும், வெடிமருந்துக்கும் ஆகும். எச்சத்துக்கு விலை வந்ததும் எல்லைக்கும் விலை வந்துவிட்டது.

1866-இல் பொலிவியாவை மரியானோ மெல்கரேஹோ என்ற சர்வாதிகாரி ஆண்டார். அவர் காலத்தில் சிலியோடு ஓர் ஒப்பந்தம். தெற்கே 24-ஆம் பாகைக் கோடு எல்லை. ஆனால் 23-க்கும் 25-க்கும் நடுவில் கிடைக்கும் வருமானத்தை இருவரும் பாதிப் பாதி எடுத்துக்கொள்வது. பங்காளிகள் சேர்ந்து ஒரே கிணற்றில் இறைப்பதுபோன்ற ஏற்பாடு, எத்தனை நாள் நிம்மதியாக நடக்கும்? 1874-இல் திருத்தினார்கள். பங்கு வேண்டாம் என்று சிலி பெரும்பாலும் விட்டுக்கொடுத்தது. பதிலுக்குப் பொலிவியா ஒரு வாக்குக் கொடுத்தது: அந்த வட்டாரத்தில் தொழில் செய்யும் சிலி மனிதர்கள்மீதும் முதலீட்டின்மீதும் 25 வருஷத்துக்குப் புதிய வரி கிடையாது.

நான்கு வருஷம்தான் ஆனது. 1877 மே மாதத்தில் பூகம்பமும் ஆழிப்பேரலையும் வந்து அந்தக் கரையோர ஊர்களைக் குலைத்துப் போட்டன. மலைமேல் பஞ்சம். கஜானா காலி. 1878 பிப்ரவரியில் பொலிவியச் சட்டசபை ஒரு வரி போட்டது. ஏற்றுமதியாகும் நைட்ரேட்டில் குவிண்டாலுக்குப் பத்து சென்டாவோ. குவிண்டால் என்றால் நம்முடைய நூறு கிலோ இல்லை, ஸ்பானிய அளவில் சுமார் 46 கிலோ மூட்டை. அப்போது ஜனாதிபதி இலாரியோன் தாசா.

மூட்டைக்குப் பத்துக் காசு ஒரு பணமா? பணமே இல்லை. ஆனால் வாக்கு மீறல். சிலியின் பாடப்புத்தகத்தில் கதை இந்த இடத்தில் தொடங்குகிறது: “நீ கையெழுத்துப் போட்டதை நீயே மீறினாய், ஒப்பந்தம் செல்லாது, ஆகவே பழைய உரிமையோடு வந்தோம்.” பொலிவியாவின் புத்தகம் வேறு இடத்தில் தொடங்குகிறது: “என் மண்ணில் தொழில் செய்யும் ஒரு கம்பெனிக்கும் எனக்கும் உள்ள தகராறு, கோர்ட்டில் தீரவேண்டியது. நீ பட்டாளத்தோடு வந்தாய்.” இரண்டுமே முழுப் பொய்யில்லை என்பதுதான் சிக்கல். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்பெனியின் பங்குதாரர்களில் சிலி அரசியலின் பெரிய புள்ளிகள் இருந்தார்கள். லண்டனின் கிப்ஸ் வணிகக் குடும்பத்துக்கும் பங்கு உண்டு. பத்துக் காசுக்காக ஒரு நாடு சண்டைக்குப் போகாது. பங்குப் பத்திரம் வைத்திருப்பவர்கள் மந்திரிசபைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போகக்கூடும்.

பொலிவியாவின் தரப்பிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கடற்கரை அதன் வரைபடத்தில் இருந்ததே தவிர, அரசாங்கம் அங்கே இருக்கவில்லை. அன்டோஃபகஸ்டா பறிபோன செய்தி தலைநகருக்குத் தந்தியில் போகமுடியவில்லை, ஏனென்றால் லா பாஸ் வரை கம்பி இல்லை. பெருவின் டாக்னாவிலிருந்து குதிரையில் மலையேறிப் போகவேண்டும். பொலிவியாவின் சரக்குகளும் அதன் சொந்தத் துறைமுகம் கோபிஹா வழியாகப் போனதைவிடப் பெருவின் அரிகா வழியாகப் போனதே அதிகம். செய்தி வந்த நேரம் கார்னிவல் திருவிழா. கூத்து கெட்டுவிடக்கூடாதென்று தாசா அதைச் சட்டைப்பையில் மறைத்துவைத்தார் என்று ஒரு கதை உண்டு. வரலாற்றாசிரியர்கள் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. பொலிவியாவில் தெருவில் போகும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தோல்விக்கு ஒரு குடிகார ராஜா கிடைத்துவிட்டால், கம்பி இல்லாத ராஜ்யத்தைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

பெரு எப்படி உள்ளே வந்தது? 1873-இலேயே பெருவும் பொலிவியாவும் ஒரு ரகசிய உடன்படிக்கை செய்திருந்தன. ஒருவரைத் தாக்கினால் மற்றவர் துணைக்கு வரவேண்டும். சண்டை மூண்டதும் பெரு சமாதானத் தூதரை அனுப்பியது. “எங்களுக்கு எதிராக ஒப்பந்தம் இருக்கிறதாமே?” என்று சிலி கேட்டது. தூதரால் நேராகப் பதில் சொல்லமுடியவில்லை. இரண்டு வீடும் மறுபடி சுவரை இடிக்கின்றன என்ற 1839-ஆம் வருஷத்துப் பயம் எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஏப்ரல் 5 அன்று சிலி இருவர்மீதும் போர் அறிவித்தது.

அதற்கு இரண்டு வாரம் முன்னால், மார்ச் 23 அன்று, கலாமா என்ற பாலைவனச் சோலை ஊரில் லோவா ஆற்றைக் காத்து நின்றது நூற்றுச் சொச்சம் பேர் கொண்ட ஒரு பொலிவியக் கூட்டம். எதிரே நான்கு மடங்கு சிலிப் படை. கூட்டத்தில் எதுவார்தோ அபரோவா என்று ஒருவர், பட்டாளத்துக்காரர் அல்ல. காயம்பட்டும் இடத்தை விடாமல் சுட்டுக்கொண்டிருந்தார். சரணடையச் சொன்னபோது, “போய் உன் பாட்டியைச் சரணடையச் சொல்” என்று ஒரு கெட்டவார்த்தையும் சேர்த்துச் சொன்னதாகப் பொலிவியக் குழந்தைகள் படிக்கிறார்கள். அங்கேயே செத்தார்.

பாலைவனத்தில் தண்ணீரில்லை, பாதையுமில்லை. ஆகவே கடல் யாருடையதோ அவருக்கே தரையும். பெருவிடம் உவாஸ்கர் என்ற இரும்புக்கவசக் கப்பல் இருந்தது. தளபதி மிகேல் கிராவ். மே 21 அன்று இக்கிக்கே துறைமுகத்தை முற்றுகையிட்டிருந்த எஸ்மெரால்டா என்ற சிலியின் பழைய மரக்கப்பல்மீது உவாஸ்கர் மோதியது. எஸ்மெரால்டாவின் தளபதி அர்துரோ பிராட் கத்தியை உருவிக்கொண்டு எதிரிக் கப்பலின் தளத்தில் குதித்தார். கூடவே ஓரிருவர்தான் குதிக்க முடிந்தது. உவாஸ்கரின் தளத்திலேயே உயிர் போயிற்று. கப்பல் மூழ்கியதும் தண்ணீரில் தத்தளித்த சிலி மாலுமிகளைத் தூக்கச் சொன்னார் கிராவ்.

பிறகு அவர் செய்த காரியத்தைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை எழுதமுடியாது. பிராட்டின் மனைவி கார்மெலா கார்வஹாலுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் கணவர் வீரமாக இறந்தார் என்று ஆறுதல் சொல்லி, அவருடைய பொருட்களையும் பட்டியல் போட்டு அனுப்பினார். வாள். கல்யாண மோதிரம். சட்டைப் பொத்தான்கள். மனைவியும் பிள்ளைகளும் இருக்கும் புகைப்படங்கள். ஒரு வெள்ளைக் கைக்குட்டை. கொன்றவன் அனுப்பிய பட்டியலை வாசித்துவிட்டு, அந்த அம்மாள் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். நாலே மாதத்தில், அக்டோபர் 8 அன்று, அங்கமோஸ் முனைக்கு அருகே சிலியின் குண்டு உவாஸ்கரின் கோபுரத்தைத் துளைத்து கிராவையும் சிதைத்தது. கப்பல் சிலியிடம் பிடிபட்டது. இன்றைக்கும் அது சிலியின் தல்கவானோ துறைமுகத்தில் மிதக்கிறது. மியூசியம். இரண்டு தளபதிகளும் ஒரே கப்பலில் செத்தவர்கள் என்பதால் அங்கே இருவருக்குமே மரியாதை உண்டு.

மீதியைச் சுருக்கமாக முடிக்கலாம். 1880 மே 26 அன்று டாக்னாவுக்கு வெளியே நடந்த சண்டையில் அடிவாங்கிய பொலிவியப் படை மலையேறிப் போய்விட்டது, திரும்பி வரவில்லை. பொலிவியாவுக்காகச் சண்டைக்கு வந்த பெருதான் தனியாக மாட்டிக்கொண்டது. 1881 ஜனவரியில் சிலி லிமாவுக்குள் நுழைந்து இரண்டு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது. தேசிய நூலகத்துப் புத்தகங்கள் பெட்டி பெட்டியாகப் போயின. அவற்றில் 3,788 புத்தகங்களைச் சிலி திருப்பிக் கொடுத்தது 2007-இல். இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தராதவர்கள்மீது நமக்கெல்லாம் உள்ள கோபத்தை நினைத்தால், 126 வருஷத்துக் கோபம் எப்படியிருக்கும் என்று யூகிக்கலாம்.

கவனித்தீர்களா? மார்ச் 23 பொலிவியாவில் கடல் நாள். மே 21 சிலியில் கடற்படைப் பெருமை நாள், அரசு விடுமுறை. பல பத்தாண்டுகள் ஜனாதிபதி நாடாளுமன்றத்தில் ஆண்டு உரை நிகழ்த்தியதும் அந்தத் தேதியில்தான். அக்டோபர் 8 பெருவில் விடுமுறை. மூன்று நாடுகளும் ஒரே போருக்குத் தனித்தனி தேதி வைத்திருக்கின்றன, மூன்றுமே அந்தந்த நாடு தோற்ற தேதி. ஜெயித்த சிலிகூட லிமாவுக்குள் நுழைந்த நாளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், தன் கப்பல் மூழ்கிய நாளைத்தான் எடுத்துக்கொண்டது. உயிர் கொடுத்தவனை வைத்துத்தான் பகையை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கமுடியும்போலும். ஜெயித்த கணக்கு நிலப் பத்திரத்தில் இருந்தால் போதும்.

அந்தப் பத்திரம் எழுதப்பட்டது 1904 அக்டோபர் 20 அன்று. இழந்த கடற்கரை என்றென்றைக்கும் சிலியுடையது என்று பொலிவியா ஒப்புக்கொண்டது. பதிலுக்கு மூன்று லட்சம் பவுண்டு பணம், அரிகாவிலிருந்து லா பாஸுக்குச் சிலி செலவில் ரயில் பாதை, சிலி மண்ணில் பொலிவியச் சரக்குக்கு நிரந்தரமாகத் தடையற்ற வழி. கழுத்தில் கத்தி வைத்து வாங்கிய கையெழுத்து என்று பொலிவியா பின்னால் சொன்னது. சண்டை ஓய்ந்து இருபது வருஷத்துக்குப் பிறகு போட்ட கையெழுத்து என்கிறது சிலி. இந்த விஷயத்தில் நான் பொலிவிய ஆட்சியாளர்களை அவ்வளவு எளிதாக விடமாட்டேன். அன்றைக்கு அவர்களைத் தாங்கி நின்றது சுரங்க முதலாளி வர்க்கம். தாது இறங்கி வர ரயில் வேண்டும். துறைமுகம் யார் கொடிக்குக் கீழே இருந்தால் என்ன? 1913-இல் ரயில் ஓடத் தொடங்கியது. கடலுக்கான கண்ணீர் பெருகியது அதற்கப்புறம்.

அடித்துக்கொண்ட பொருளுக்கு என்ன ஆயிற்று? அதே சமயத்தில் ஜெர்மனியில் ஹாபர், போஷ் என்ற இருவரின் முறைப்படி காற்றிலிருக்கும் நைட்ரஜனை வைத்தே உரம் செய்ய வழி பிறந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு சிலியின் நைட்ரேட் வியாபாரம் சரிந்தது. பாலைவனத்தில் ஆளில்லாத ஊர்கள் மிஞ்சின. ஆனால் சிலிக்கு அதிர்ஷ்டம். கலாமாவுக்குப் பக்கத்தில், அதாவது அபரோவா விழுந்த ஊருக்குப் பக்கத்தில், சுக்கிகமாத்தா என்ற செம்புச் சுரங்கம். உலகத்தின் மிகப்பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களில் ஒன்று. பொலிவியர்கள் மனதில் ஆறாமல் இருப்பது அலைகள் மட்டுமல்ல, இந்தக் குழியும்தான்.

1929-இல் பூட்டுக்கு இன்னொரு பூட்டு விழுந்தது. டாக்னாவையும் அரிகாவையும் வைத்துப் பெருவும் சிலியும் நாற்பது வருஷத்துக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தன. கடைசியில் டாக்னா பெருவுக்கு, அரிகா சிலிக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். கூடவே ஒரு துணை ஒப்பந்தம்: இந்த நிலத்தில் எதையும் ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் மூன்றாவது நாட்டுக்குத் தரக்கூடாது. மூன்றாவது நாடு யார் என்று பெயர் எழுதவில்லை. எழுதவேண்டிய அவசியமும் இல்லை.

அந்தப் பூட்டு வேலை செய்வதை 1975-இல் உலகம் பார்த்தது. பொலிவியாவின் பான்செரும் சிலியின் பினோசேயும், இருவருமே ராணுவ சர்வாதிகாரிகள், சரான்யா என்ற எல்லை ரயில் நிலையத்தில் கட்டித் தழுவிக்கொண்டார்கள். அரிகாவுக்கு வடக்கே, பெரு எல்லையை ஒட்டி ஒரு நாடா அகலத்துக்கு நிலம் தருகிறேன், அதே அளவு உன் நிலத்தைக் கொடு என்றது சிலி. தாராள மனமா? கொஞ்சம் கணக்கும் உண்டு. அந்த நாடா அமைந்துவிட்டால் பெருவுக்கும் சிலிக்கும் நடுவில் பொலிவியா வந்து நின்றுவிடும். பெருவின் ராணுவ அரசு அப்போது சோவியத் டாங்கிகளை வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தது; போரின் நூறாவது ஆண்டு வேறு நெருங்கியது. சம்மதம் கேட்டபோது, அந்த இடத்தை மூவரும் சேர்ந்து ஆளலாமே என்று 1976-இல் பெரு மாற்று யோசனை சொன்னது. சிலி மறுத்தது. 1978 மார்ச்சில் பொலிவியா தூதரக உறவை முறித்துக்கொண்டது. அதே வருஷம் கிழக்கே அர்ஜென்டினாவோடும் பீகிள் கால்வாய்த் தீவுகளுக்காகச் சிலி போரின் விளிம்புக்குப் போனது. மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் சூழ்ந்துகொண்டால்? 1830-களின் பயத்துக்கு இப்போது கண்ணிவெடி பதித்தார்கள். வடக்கு எல்லைப் பாலைவனத்திலும் ஆண்டிஸ் மலைக் கணவாய்களிலும் அந்தக் காலத்தில் புதைத்தவற்றைத் தோண்டியெடுத்து முடித்தது 2020-இல்தான்.

பொலிவியா என்ன செய்தது? திட்டிகாகா ஏரியில், கடல் மட்டத்துக்கு 3,800 மீட்டர் உயரத்தில், கடற்படை வைத்திருக்கிறது. வெளிநாட்டார் சிரிப்பார்கள். பொலிவியர்கள் சிரிப்பதில்லை. மார்ச் 23 அன்று லா பாஸ் நகரின் அபரோவா சதுக்கத்தில் வெள்ளைச் சீருடை மாலுமிகள் அணிவகுக்கிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நீலக் கொடியோடு நடக்கிறார்கள். வாழ்நாளில் அலையைப் பார்க்காதவர்கள் அந்தக் கூட்டத்தில் உண்டு. 2009-இன் புதிய அரசியல் சட்டத்தில் கடலுக்கான உரிமை கைவிடமுடியாதது என்றே எழுதிவைத்தார்கள்.

சடங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2003-இல் அது ஆட்சியையே கவிழ்த்தது. பொலிவியாவில் அப்போது இயற்கை எரிவாயு ஏராளம். அதைக் குழாயில் கடலுக்குக் கொண்டுபோய் அமெரிக்காவுக்கு விற்க ஜனாதிபதி சான்செஸ் தெ லோசாதாவின் அரசு நினைத்தது. பக்கத்துக் கடல் சிலியுடையது. சிலித் துறைமுகம் வழியா? எல் ஆல்டோ நகரம் கொதித்தது. வேறு குறைகளும் சேர்ந்துகொண்டன. ராணுவம் சுட்டது, பலர் செத்தார்கள், அக்டோபர் 17 அன்று அவர் ராஜினாமா செய்துவிட்டு நாட்டைவிட்டே போனார். மறுவருஷம் அர்ஜென்டினாவுக்கு எரிவாயு விற்கையில் பொலிவியா ஒரு நிபந்தனை போட்டது: இதில் ஒரு மூலக்கூறுகூடச் சிலிக்குப் போகக்கூடாது. எரிவாயுத் தட்டுப்பாட்டில் தவித்த சிலி, கடலோர முனையங்கள் கட்டி, திரவமாக்கிய வாயுவைக் கப்பலில் தூரதேசத்திலிருந்து வாங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரிந்தது, இந்தப் பக்கம் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். இருவருக்கும் நஷ்டம் என்று இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

கடைசியாக 2013-இல் பொலிவிய ஜனாதிபதி ஈவோ மொராலெஸ் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். கடலைக் கொடு என்று கேட்கவில்லை. 1904 பத்திரம் குறுக்கே நிற்கும். நூறு வருஷமாகப் பேசலாம், பேசலாம் என்று சிலி சொல்லி வந்திருக்கிறது, ஆகவே பேசியே தீரவேண்டிய கடமை அதற்கு உண்டு என்று தீர்ப்புக் கேட்டார். கெட்டிக்கார வாதம். 2018 மார்ச்சில், விசாரணை தொடங்குமுன், பொலிவியாவின் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் நீளத்துக்கு நீலத்துணியைக் கைகளால் விரித்துப் பிடித்தார்கள். அக்டோபர் 1 அன்று தீர்ப்பு. பேச்சு நடந்ததனாலேயே கடமை பிறந்துவிடாது என்று 12-க்கு 3 என்ற கணக்கில் நீதிபதிகள் சொன்னார்கள். மொராலெஸ் நேரில் உட்கார்ந்து கேட்டார். அடுத்த மார்ச் 23 அன்று சதுக்கத்தில் மறுபடி அணிவகுப்பு.

பெரு மட்டும் ஒரு துண்டுக் கடல் கொடுத்தது. 1992-இல் தன் இலோ துறைமுகத்துக்கு அருகே ஐந்து கிலோமீட்டர் மணற்கரையைப் பொலிவியாவின் பயன்பாட்டுக்கு ஒதுக்கியது. ‘பொலிவியா மார்’ என்று பெயர் வைத்தார்கள். மார் என்றால் கடல். துறைமுகம் கட்டவில்லை. பொலிவியாவின் கப்பல் சரக்கில் பெரும்பகுதி இன்னமும் அரிகாவில்தான் ஏறி இறங்குகிறது. அங்கே துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தால் லா பாஸுக்குப் போகவேண்டிய லாரிகள் வரிசையில் நிற்கின்றன.

ஆனால் மேற்குக் கதவு அடைபட்டதும் பொலிவியா வேறொரு கதவையும் தட்டிப் பார்த்தது. பராகுவே ஆற்றைப் பிடித்துவிட்டால் அதன் வழியே அட்லாண்டிக் போய்விடலாம் என்ற கணக்கில் கிழக்கே, சாகோ என்ற முள்காட்டுக்குள் படை அனுப்பியது. எதிரே, அதற்கு முந்தைய நூற்றாண்டில் ஒரு போரில் தன் ஆண்களில் பெரும்பாலோரைப் பறிகொடுத்திருந்த பராகுவே. 1932-இல் தொடங்கிய அந்தப் போரில் குண்டுக்குச் செத்தவர்களோடு தாகத்துக்குச் செத்தவர்களும் ஏராளம். அது அடுத்த வாரம்.

(தொடரும்)